குளோசெட்டுக்குள் கறிவேப்பிலை: காற்றோட்டத்திலிருந்து தொடங்கும் ஒரு குளிர்கால ஏற்பாடு

டொராண்டோவில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்களுக்குச் செப்டம்பர் கடைசி வாரம் வந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் செடி உள்ளே வந்தாக வேண்டும். அக்டோபரில் ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் போதும், மூன்று வருடம் வளர்த்தது காலையில் கறுத்துத் தொங்கும். சரி, உள்ளே கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தால்? உயிர் பிழைக்கும், இலை கிடைக்காது. டிசம்பர் 21-ஐ ஒட்டி இங்கே பகல் 9 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு, அதிலும் பல நாள் மேகம். அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். பிப்ரவரியில் தொட்டியில் ஒரு குச்சி நிற்கும், அதைப் பார்த்துக்கொண்டே கடையில் வாடிய கொத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்போம்.

அதனால் ஒரு குளோசெட்டை, அதாவது துணி தொங்கவிடும் சுவர் அலமாரியை, ஒதுக்கிவிட்டேன். இப்போது ஐந்தாவது குளிர்காலம், உள்ளே இரண்டு கறிவேப்பிலை, மூன்று மிளகாய்ச் செடி. முதல் வருடம் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல விளக்காகத் தேடி வாங்கினேன், சூடு வெளியே போகக்கூடாது என்று கதவை இறுக்கிச் சாத்தினேன். மூன்று வாரத்தில் கறிவேப்பிலை பாதி இலையைக் கொட்டியது, பின்சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது, பக்கத்துத் தடுப்பில் தொங்கிய மனைவியின் கோட்டில் நனைந்த துணி நாற்றம். வெளிச்சத்தில் குறையே இல்லை, காற்றுதான் இல்லை. அதனால் இந்தக் குறிப்பில் பெரும்பகுதி காற்றைப் பற்றியே இருக்கும், விளக்கைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்களே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோசெட்டில் செடி வளர்ப்பதைப் பற்றி இங்கே கிடைக்கும் அறிவில் முக்கால்வாசி கஞ்சா வளர்த்தவர்கள் சேர்த்தது. 2018 அக்டோபர் 17-லிருந்து கனடாவில் அது சட்டபூர்வம், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம், பக்கத்து மாகாணமான கியூபெக்கில் கூடாது. நமக்கு வேண்டிய ஃபேன், டக்ட் எனும் காற்றுக்குழாய், டைமர் எல்லாம் அந்தக் கடைகளில்தான் இருக்கின்றன. நான் போனபோது கடைப் பையன் என்ன வளர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டான். கறிவேப்பிலை என்றேன். சிரித்துக்கொண்டே சரி சார் என்றான், நம்பவே இல்லை. ஆனால் அவர்களுடைய குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் செடி பூக்க 12 மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும், அதனால் ஒரு ஊசி முனை வெளிச்சம்கூட நுழையாமல் அடைப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. வாசனையை மறைக்கக் கரி ஃபில்டர் மாட்டுவார்கள். கறிவேப்பிலை வாசனையை யார் மறைப்பது? அந்த ஃபில்டர் காற்றோட்டத்தையும் கணிசமாகக் குறைக்கும், பணமும் மிச்சம், விட்டுவிடுங்கள்.

எந்த குளோசெட்

வெளிச்சுவரை ஒட்டியது வேண்டாம். ஜனவரியில் அந்தச் சுவர் உள்பக்கமும் ஜில்லென்று இருக்கும், ஈரக்காற்று அதில் பட்டால் வேர்க்கும், வேர்த்த இடத்தில் பூஞ்சை வரும். என் முதல் வருட மூலை அப்படிப்பட்டதுதான். வீட்டின் நடுவில், நாலு பக்கமும் சூடான அறைகள் சூழ்ந்த குளோசெட்டாகப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் இருக்கும் அறைப்பக்கம் போகவே வேண்டாம்: அங்கே ஒரு ஃபேன் காற்றை இழுத்தால், புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பும் ஆபத்து உண்டு. கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் விளையாட்டு கூடாது.

என்னுடையது 4 அடி அகலம், 2 அடி ஆழம், 8 அடி உயரம், ஆக 64 கன அடி. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே வரும். 2 அடி ஆழத்தில் 12 அங்குலத் தொட்டி வசதியாக உட்காரும்.

காலி செய்ததும் மேல் தட்டைக் கழற்றுங்கள், கோட் தொங்கவிடும் குழாயை விட்டுவிடுங்கள், விளக்கை அதில்தான் கட்டப் போகிறோம். ஆனால் இரண்டு பக்கமும் கையால் தொங்கிப் பாருங்கள், பிடிமானம் வெறும் டிரைவாலில், அதாவது ஜிப்சம் பலகைச் சுவரில், இருந்தால் மரச்சட்டத்தில் திருகி மாட்டுங்கள். உட்சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட். பளபளக்கும் தாள் ஒட்டச் சொல்வார்கள், நல்ல வெள்ளைப் பெயின்டே வெளிச்சத்தில் பெரும்பங்கைத் திருப்பி அடிக்கும், துடைக்கவும் சுலபம். தரைக்குப் பனிக்காலத்தில் பூட்ஸ் வைக்கும் பிளாஸ்டிக் ட்ரே இரண்டு, ஒழுகும் தண்ணீர் அதில் நிற்கும்.

மின்சாரம்

இதில் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக. வீட்டுச் சாதாரண சர்க்யூட் 15 ஆம்ப், 120 வோல்ட், அதாவது 1800 வாட். மணிக்கணக்கில் ஓடும் சாமான்களுக்கு அதில் 80 சதவீதம், 1440 வாட்தான் கணக்கு. நமக்கு 200 வாட்டைத் தாண்டாது, ஆனால் அதே சர்க்யூட்டில் யாராவது ஸ்பேஸ் ஹீட்டர் போடுகிறார்களா என்று பாருங்கள். பல பிளக் செருகும் பவர் பாரில் இன்னொரு பவர் பார் செருகாதீர்கள். பவர் பாரைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாகத் திருகுங்கள், வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் வழிந்தால் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. குளியலறையில் இருக்குமே, டெஸ்ட், ரீசெட் பட்டன் உள்ள பிளக், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் அந்த ஜி.எஃப்.சி.ஐ வகைதான் இங்கேயும் வேண்டும். விளக்கில் சி.எஸ்.ஏ மாதிரி கனடாவில் ஏற்கப்பட்ட முத்திரை இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள், இணையத்தில் மலிவாக வருபவை பலவற்றில் இருக்காது.

விளக்கு

வெள்ளை எல்.ஈ.டி, பெட்டியில் போட்டிருக்கும் நிற அளவு 3000 முதல் 5000 கெல்வினுக்குள். ஊதா நிறத்தில் எரிவது வேண்டாம், செடிக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. பெட்டியில் '1000 வாட்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பின்பக்க ஸ்டிக்கரில் பாருங்கள். எனக்கு இந்த 8 சதுர அடிக்கு 150 வாட் போதுமாக இருக்கிறது.

போனில் இலவசமாகக் கிடைக்கும், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை இலையின் உயரத்தில் வைத்துப் பாருங்கள். கறிவேப்பிலைக்கு 15,000 முதல் 20,000 லக்ஸ், மிளகாய்க்கு 20,000-க்கு மேல் இருந்தால் நல்லது. போன் மீட்டர் துல்லியமில்லை, தோராயத்துக்குச் சரி. ஒரு நாளைக்கு 14 மணி நேரம், டைமரில். ஒன்டாரியோவில் நேரத்தைப் பொறுத்து விலை மாறும் மின்கட்டணத் திட்டத்தில் வார நாட்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு என்பதால் நான் மாலை 7 முதல் காலை 9 வரை எரியவிடுகிறேன். 150 வாட், 14 மணி நேரம் என்றால் நாளுக்கு 2.1 யூனிட். படுக்கையறை குளோசெட்டாக இருந்தால் இந்த ராத்திரி யோசனை குடும்பத்தில் எடுபடாது, அது உங்கள் பாடு.

இப்போது காற்று

விளக்கு இழுக்கும் 150 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் முடியும், எல்.ஈ.டி சூடாகாது என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. மூடிய 64 கன அடிக்குள் 150 வாட் என்பது ஒரு சின்ன ஹீட்டர். அதோடு தண்ணீர்: செடிக்கு ஊற்றுவதில் மிகப் பெரும்பகுதி இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகிக் காற்றில்தான் சேர்கிறது. தினம் அரை லிட்டர் ஊற்றினால் தினம் அரை லிட்டர் ஆவி, போக வழியில்லையென்றால் சுவரில். மூன்றாவது, வெளிச்சத்தில் செடி உணவு தயாரிக்க எடுக்கும் கார்பன் டை ஆக்சைடு. மூடிய பெட்டிக்குள் அது குறைந்துகொண்டே போகும், வளர்ச்சி நின்றுவிடும். சிலிண்டர் வைத்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குள் அது ஆபத்து, தேவையும் இல்லை. நாலு பேர் மூச்சு விடும் வீட்டுக் காற்றே உள்ளே வந்து போனால் போதும்.

எவ்வளவு பெரிய ஃபேன் என்பதற்கு இரண்டு கணக்கு. ஒன்று, நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் மாற வேண்டும்: 64 கன அடி என்றால் 64 சி.எஃப்.எம், அதாவது நிமிடத்துக்கு 64 கன அடி. இரண்டு, சூட்டுக் கணக்கு: வாட்டை 1.76-ஆல் பெருக்கி, அறையைவிட எத்தனை டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கலாம் என்பதால் வகுக்கவும். 3 டிகிரி கூடலாம் என்றால் 150 × 1.76 ÷ 3, அதாவது 88. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். டக்டின் நடுவே பொருத்தும் 4 அங்குல இன்லைன் ஃபேன் பெட்டியில் 200-ஐ ஒட்டி எழுதியிருக்கும், டக்ட், வளைவு, வலை எல்லாம் சேர்ந்தால் அதில் ஒரு பங்கு போய்விடும், அப்படியும் 88-க்குத் தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஃபேனோடே வருவதாக வாங்குங்கள். அறை விளக்கின் டிம்மரில் ஃபேனை மாட்டினால் ராத்திரி முழுக்க உறுமும், மோட்டாரும் சூடாகும்.

அந்தக் காற்று எங்கே போக வேண்டும்? அறைக்குள்ளேதான். வெளியே விடாதீர்கள். வெளியே தள்ளும் ஒவ்வொரு கன அடிக்கும் பதிலாக ஜனவரியின் மைனஸ் 10 டிகிரிக் காற்று எங்காவது இடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். அதை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், ஏற்கெனவே உதடு வெடிக்கும் வீடு இன்னும் காயும். குளோசெட்டின் சூடும் ஈரமும் அறைக்கு வந்தால் நமக்கு லாபம். அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில், விடவே கூடாது, அங்கே குளிர்ந்த மரத்தில் ஆவி உறைந்து, பிறகு உருகி, கூரையே அழுகும். துணி உலர்த்தும் டிரையர் குழாயோடும் குளியலறை ஃபேன் குழாயோடும் இணைக்க வேண்டாம்.

மாட்டும் முறை இது. வாடகை வீடென்றால் சுவரை வெட்ட முடியாது, பழைய வீடென்றால் வெட்டக் கூடாது, டிரைவால் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதனால் கதவில்தான் கைவைக்க வேண்டும், அதுவும் அசல் கதவில் இல்லை. இரண்டு ஸ்லைடிங் கதவில் ஒன்றைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவில் அரை அங்குல பிளைவுட் பலகை வெட்டி நிறுத்துங்கள். பலகையின் மேல் ஓரத்தில் ஃபேனின் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள், சூடான காற்று மேலே ஏறுவதால் வெளியேற்றம் எப்போதும் உச்சியில். ஃபேனைப் பலகையில் நேரடியாகத் திருகினால் பலகையே தவில் மாதிரி அதிரும். கோட் குழாயில் இரண்டு ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டு, இரண்டடி டக்டால் அந்த வட்டத்தோடு இணையுங்கள். டக்ட் இழுத்து நிமிர்ந்து இருக்கட்டும், சுருக்கமும் வளைவும் காற்றைத் தின்னும்.

உள்ளே வரும் வழி கீழே, ஃபேனுக்கு எதிர்மூலையில், காற்று செடிகளைக் குறுக்காகக் கடந்து போகும்படி. ஃபேன் இல்லாத வெறும் துளை போதும், ஆனால் வெளியேறும் துளையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பரப்பு வேண்டும். 4 அங்குல வட்டம் 12.5 சதுர அங்குலம், அப்படியென்றால் கீழே அதே அளவில் மூன்று துளை, கொசுவலை அடித்து. இன்னொரு வழியும் உண்டு: கதவுக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அங்குல இடுக்கு 4 அடி நீளத்துக்கு இருந்தால் அதுவே 36 சதுர அங்குலம், துளையே போட வேண்டாம். கம்பளம் அந்த இடுக்கை அடைக்கிறதா என்று மட்டும் குனிந்து பாருங்கள்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், ஊதுவத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, கதவை மூடி, கீழ்த் துளையருகே வெளியிலிருந்து ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை சட்டென்று உள்ளே இழுக்கப்பட வேண்டும். கதவு ஓரங்களிலும் காட்டுங்கள், அங்கேயும் உள்ளேதான் போக வேண்டும், வெளியே வந்தால் கீழ்த்துளையோ ஃபேனோ எங்கோ பிசகியிருக்கிறது.

ஒரு ஃபேனோடு முடியவில்லை. வெளியேற்றும் ஃபேன் பெட்டியின் காற்றை மாற்றுகிறது, இலைக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் ஈரப்படலத்தை அது கலைக்காது. அதற்கு 6 அங்குல கிளிப் ஃபேன் ஒன்று. நேராகச் செடியின் முகத்தில் அடிக்காமல், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். இலை லேசாக ஆட வேண்டும், படபடக்கக் கூடாது. ஆடும் தண்டு தடிக்கும், மிளகாய்ப் பூவுக்கு மகரந்தம் உதிரவும் அந்த ஆட்டம் உதவும்.

இன்னும் ஒன்று, இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள்: விளக்கு அணைந்ததும் ஃபேனையும் அணைத்துவிடுவது. அணைந்தவுடன் உள்ளே சூடு குறைகிறது, இருக்கும் ஈரம் அதே அளவு, ஆக ஈரப்பதம் திடீரென்று ஏறும். பூஞ்சைக்கு அந்த நேரம்தான் தோது. கிளிப் ஃபேன் 24 மணி நேரமும், வெளியேற்றும் ஃபேன் இருட்டில் குறைந்த வேகத்திலும் ஓடட்டும்.

செடி இல்லாமல் இரண்டு நாள்

எல்லாம் மாட்டியாயிற்று என்ற உற்சாகத்தில் உடனே தொட்டியைத் தூக்கி வைக்காதீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டரை இலை வரப்போகும் உயரத்தில், விளக்கு நேரடியாகப் படாமல் ஒரு அட்டை மறைப்பில் தொங்கவிட்டு, ட்ரேயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியும்போது 22 முதல் 27 டிகிரி, இருட்டில் 18-க்குக் குறையாமல், ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். சூடு கூடினால் ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள். ஈரப்பதம் 35-க்குக் கீழே போனால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி போடும், எனக்கு ஃபேன் பாதி வேகத்துக்குச் சற்று மேலே நின்றபோது சமாதானமானது. 32 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவைக் கொட்டிவிடும்.

செடி உள்ளே வரும் நாள்

செடியோடு பூச்சியும் வரும். வெளியில் பொறிவண்டு, சிலந்தி எல்லாம் தின்றுகொண்டிருந்ததை குளோசெட்டில் தின்ன யாரும் இல்லை. குழாயடியில் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள், பூச்சி சோப்புக் கரைசல் அடியுங்கள், இரண்டு வாரம் வேறு அறையில் தனியாக வைத்துப் பாருங்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால் செதில் பூச்சி தண்டில் பழுப்பு முடிச்சாக ஒட்டியிருக்கும், மரப்பட்டை என்று ஏமாறுவோம், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். சிலந்திப்பேனுக்கு வறண்ட சூடான காற்று என்றால் கொண்டாட்டம், இலையில் ஊசி குத்தியது போல் வெளிர்ப்புள்ளி தெரிந்தால் அன்றைக்கே மறுபடி கழுவுங்கள், ஈரப்பதம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

உள்ளே வந்த முதல் இரண்டு வாரம் கொஞ்சம் இலை கொட்டும், பதறி உரம் போடாதீர்கள். தண்ணீர் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே, ட்ரேயில் தேங்கியதை அன்றே கொட்டிவிட வேண்டும். நரம்பு பச்சையாக, நரம்புகளுக்கு நடுவே மட்டும் இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை, கடையில் இரும்புச்சத்துக் கரைசல் கிடைக்கும். இந்த இடத்தில் ஊரிலிருந்து அம்மா போனில் சொல்வார்கள், புளித்த மோரை ஊற்று என்று. தோட்டத்தில் ஊற்றுங்கள். குளோசெட்டில் ஊற்றினேன் ஒருமுறை, மூன்று நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை, அப்புறம் தொட்டி மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈ கிளம்பியது, அதை ஒழிக்க மஞ்சள் ஒட்டுப் பட்டையோடு ஒரு மாதம். மண்ணைக் காயவிடுவதுதான் அதற்கு உண்மையான மருந்து.

நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், பக்கக்கிளை விடும், விளக்கை முட்டாது. இலை பறிக்கும்போது ஒற்றை இலையாக இல்லாமல் கொத்தோடு எடுங்கள்.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை அதிகமில்லை: கீழ்த்துளை வலையில் தூசி படிந்திருக்கும், துடைக்காவிட்டால் ஒரு மாதத்தில் காற்று பாதியாகிவிடும், பின்சுவர் மூலைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் தொட்டியை இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள், பிளக்கைத் தொட்டால் சூடாக இருக்கக் கூடாது.

மே மாதம் விக்டோரியா டே நீண்ட வார இறுதி கழிந்து, ராத்திரி 10 டிகிரிக்கு மேலே நின்ற பிறகு வெளியே கொண்டுபோகலாம், ஆனால் நேராக வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். முதல் மூன்று நாள் நிழல், பிறகு காலை வெயில் மட்டும், ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில். குளோசெட்டைத் துடைத்து, பிளைவுட் பலகை கட்டிலுக்கு அடியில் போய், அசல் கதவு வெளியே வரும். கதவைக் கழற்றிய திருகுகளையும் உருளிகளையும் ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைக் கதவிலேயே டேப் ஒட்டி வையுங்கள். நான் சமையலறை டிராயரில் வைத்துவிட்டு இரண்டு மே மாதம் தேடியிருக்கிறேன்.